பெயர் தெரியாத ஆளை எப்படிக் குறிப்பிடுவீர்கள்?

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர் வரும். அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் சாலையில் திரும்பினால் ஒரகடம். வைணவ ஆசாரியரான இராமானுசர் பிறந்த ஊர் என்பதே ஸ்ரீபெரும்புதூருக்கு நெடுங்காலமாக இருந்த புகழ். ஏரிகளும் நெல் வயல்களும் நிறைந்த இப்பகுதி, 1990களின் பிற்பகுதி முதல் தொழிற்சாலைகளின் வரிசையாக மாறிவிட்டது. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைபேசி என்று பல பொருள்கள் இங்கே உருவாகின்றன.

ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஓர் ஆலையில் எல்லோருடைய பெயரும் எல்லோருக்கும் தெரிந்திருக்க இயலாது. ‘மூன்றாம் எண் பிரஸ்ஸை இயக்குகிறவர்’, ‘நேற்று இரவு ஷிப்டில் கசிவைக் கண்டவர்’, ‘சாவியை வைத்திருப்பவர்’ என்று அவரவர் செய்யும் செயலைச் சொல்லித்தான் ஆளைச் சுட்டுகிறோம். பெயர் ஒருவருக்குப் பெற்றோர் இட்டது. செயலோ அவரை அந்த இடத்தில், அந்த நேரத்தில், மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம்.

தமிழ் வழியில் படித்துவிட்டு ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் முடித்து இத்தகைய ஆலைக்குள் நுழையும் மாணவர், அங்கே எச்சரிக்கைப் பலகையிலும் செயல்முறைக் கையேட்டிலும் ஆங்கிலத்தைக் காண்கிறார். சொற்கள் பெரும்பாலும் தெரிந்தவையாகவே இருக்கும். ஆயினும் ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ என்னும் சிறு சொற்கள் வரும் வாக்கியங்களில் பொருள் பிடிபடாமல் நழுவும். யார், எதைச் செய்தார், யாருக்குச் செய்தார் என்பது தலைகீழாக மாறிவிடுவதும் உண்டு. ஏன் இப்படி நேர்கிறது? இரு மொழிகளும் ஒரே வேலையை எதிரெதிர்த் திசைகளில் செய்வதே காரணம். அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முன்னால் வைப்பதும் பின்னால் வைப்பதும்

‘பிரஸ்ஸை இயக்கும் தொழிலாளி’ என்பது தமிழ்த் தொடர். இதில் ‘தொழிலாளி’ என்ற பெயர் கடைசியில் நிற்கிறது. அவரைப் பற்றிய செய்தி முழுவதும் அதற்கு முன்னால் வந்துவிடுகிறது. ‘இயக்கும்’ என்ற சொல் முற்றுப்பெறாத வினை. அது ஒரு பெயரைத் தேடி நிற்பதால் நம் இலக்கணத்தார் அதற்குப் பெயரெச்சம் என்று பெயரிட்டனர்.

ஆங்கிலத்தில் இதையே ‘தி ஒர்க்கர் ஹூ ஆபரேட்ஸ் தி பிரஸ்’ என்பார்கள். அங்கே ‘ஒர்க்கர்’ முதலில் வந்துவிடுகிறார். பிறகு ‘ஹூ’ என்ற இணைப்புச் சொல். அதன் பின்னே ஒரு முழு வாக்கியத்துக்குரிய வினை. ஆங்கில இலக்கணத்தில் இதற்கு ரிலேடிவ் கிளாஸ் என்று பெயர். இக்கட்டுரையில் நம் வசதிக்காக ‘அடைவாக்கியம்’ என்று அழைப்போம். அடைமொழி ஒரு சொல்லாக இருப்பது போல, இது ஒரு வாக்கியமே அடைமொழியாக வந்து நிற்பது.

இரண்டு முறைக்கும் தனித்தனி வசதியும் தொல்லையும் உண்டு. ஆங்கிலத்தில் யாரைப் பற்றிய பேச்சு என்பது முதலிலேயே தெரிந்துவிடும். தமிழில் அது தெரியக் கடைசி வரை காத்திருக்க வேண்டும். ‘இரவு ஷிப்டில் மூன்றாம் எண் பிரஸ்ஸில் எண்ணெய் கசிவதைக் கண்டு உடனே மின்சாரத்தை நிறுத்திச் சூப்பர்வைசருக்குத் தகவல் சொன்ன’ என்று படித்துக்கொண்டே போகிறோம். சொன்னது யார்? ‘ஹெல்ப்பர்’ என்ற சொல் வரும் வரையில் நமக்குத் தெரியாது. எனவே ஆங்கில அடைவாக்கியத்தைத் தமிழில் சொல்லும்போது நீளமானதை இரண்டாக உடைப்பது நல்லது: ‘ஒரு ஹெல்ப்பர் கசிவைக் கண்டார். உடனே மின்சாரத்தை நிறுத்தித் தகவல் சொன்னார்.’

‘ஹூ’ செய்யும் இரண்டு வேலைகள்

‘ஹூ’ வெறும் இணைப்புக் கயிறு அன்று. அது இரண்டு வேலைகளை ஒருங்கே செய்கிறது. முதல் வேலை, பின்வரும் வாக்கியத்தை முன்னுள்ள பெயரோடு கட்டுவது. இரண்டாவது வேலை, அந்த வாக்கியத்தினுள் ‘அவர்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தை நிரப்புவது.

இதை உணராததால்தான் நம் மாணவர்கள் ‘தி மேன் ஹூ ஹீ ஆபரேட்ஸ் தி பிரஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஹூ’ ஏற்கெனவே எழுவாயின் நாற்காலியில் அமர்ந்துவிட்டது. அதே நாற்காலியில் ‘ஹீ’யையும் அமர்த்த இடமில்லை.

மற்றொரு விதியையும் நினைவிற் கொள்ளுங்கள். ‘ஹூ’ எழுவாயாக நிற்கும்போது அதை விட முடியாது. ‘தி மேன் ஹூ கால்ட் மீ’ என்பதில் ‘ஹூ’வை நீக்கினால் ‘தி மேன் கால்ட் மீ’ என்றாகிவிடும். ‘என்னை அழைத்த மனிதர்’ என்ற தொடர் மறைந்து, ‘அந்த மனிதர் என்னை அழைத்தார்’ என்ற முழு வாக்கியம் வந்துவிடும். ஆனால் ‘நான் அழைத்த மனிதர்’ என்னும்போது அவர் செயப்படுபொருள். அப்போது ‘தி மேன் ஐ கால்ட்’ என்று ‘ஹூ’ இல்லாமலேயே சொல்லலாம். ஆங்கிலம் பேசுவோர் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கின்றனர்.

ஓர் ‘ஐ’ உருபின் மதிப்பு

கீழ்வரும் இரு தொடர்களையும் கவனியுங்கள்.

தொழிலாளியை அழைத்த சூப்பர்வைசர்.
தொழிலாளி அழைத்த சூப்பர்வைசர்.

முதல் தொடரில் அழைத்தவர் சூப்பர்வைசர். இரண்டாவதில் அழைத்தவர் தொழிலாளி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஓர் ‘ஐ’ உருபுதான். சொற்களின் வரிசை அப்படியே இருக்கிறது.

ஆங்கிலத்தில் உருபு இல்லை. ஆகவே வரிசைதான் பொருளைக் காக்க வேண்டும். ‘தி சூப்பர்வைசர் ஹூ கால்ட் தி ஒர்க்கர்’ என்றால் அழைத்தவர் சூப்பர்வைசர். ‘தி சூப்பர்வைசர் ஹூ தி ஒர்க்கர் கால்ட்’ என்றால் அழைத்தவர் தொழிலாளி. ‘ஹூ’வுக்கு அடுத்து வருவது வினையா, பெயரா என்று பாருங்கள். வினை வந்தால் முன்னே நிற்பவரே செயலைச் செய்தவர். பெயர் வந்தால் அந்தப் பெயருக்கு உரியவர் செய்தவர். இந்த ஒரு சூத்திரம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாவது வகை உங்களுக்குக் கடினமாகத் தோன்றினால் வெட்கப்பட வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இவ்வகையைப் படிக்கக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கின்றனர் என்பதை உளவியல் அறிஞர்கள் பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். முதலில் வந்த ‘சூப்பர்வைசர்’ என்ற பெயரை எந்த வினையோடும் சேர்க்காமல் மனத்தில் தாங்கிக்கொண்டு, அடுத்த பெயரையும் தாங்கிக்கொண்டு, வினை வந்த பிறகு இரண்டையும் உரிய இடத்தில் பொருத்த வேண்டியிருக்கிறது. நினைவுக்கு அது ஒரு சுமை.

உருபு மறையும் இடம்

தமிழ்ப் பெயரெச்சம் மிகவும் சிக்கனமானது. பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைத் தழுவி வரும் என்பது மரபிலக்கணம். செய்தவர், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகியவையே அந்த ஆறும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலிலும் இந்த ஆறையும் காணலாம். ‘வெட்டிய’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். வெட்டிய தொழிலாளி, வெட்டிய எந்திரம், வெட்டிய கூடம், வெட்டிய வெட்டு, வெட்டிய நாள், வெட்டிய தகடு. ஆறு இடங்களிலும் ‘வெட்டிய’ மாறவில்லை. ஆங்கிலத்திலோ தொழிலாளிக்கு ‘ஹூ’, எந்திரத்துக்கு ‘வித் விச்’, கூடத்துக்கு ‘வேர்’, நாளுக்கு ‘வென்’, தகட்டுக்கு ‘விச்’ என்று சொல் மாறிக்கொண்டே போகும்.

சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. ‘எந்திரத்தால் வெட்டினார்’ என்னும்போது இருக்கும் ‘ஆல்’ உருபு, ‘வெட்டிய எந்திரம்’ என்றவுடன் மறைந்துவிடுகிறது. கேட்பவர் தம் உலக அறிவைக் கொண்டு அதை நிரப்பிக்கொள்கிறார். தொழிலாளி வெட்டியிருப்பார், தகடு வெட்டுப்பட்டிருக்கும் என்று நமக்குத் தெரியும். ஆகவே பெரும்பாலும் தொல்லை இல்லை.

ஆனால் எப்போதும் அப்படி இல்லை. ‘நான் புகார் செய்த அதிகாரி’ என்ற தொடரைப் பாருங்கள். அந்த அதிகாரியிடம் புகார் செய்தேனா? அந்த அதிகாரியைப் பற்றிப் புகார் செய்தேனா? இரண்டு பொருளுக்கும் இடமுண்டு. ஒருவர் நம் குறையைக் கேட்பவர். மற்றவரே நம் குறைக்குக் காரணமானவர்! ஆங்கிலத்தில் முதற்பொருளுக்கு ‘தி ஆஃபிசர் டு ஹூம் ஐ கம்ப்ளெய்ண்ட்’ என்றும், இரண்டாவது பொருளுக்கு ‘அபவுட் ஹூம்’ என்றும் வரும். ‘டு’, ‘அபவுட்’ என்னும் சிறு சொற்கள் மறையாமல் நின்று பொருளைக் காக்கின்றன.

ஆகவே ஆங்கிலத்தில் மனுவோ அறிக்கையோ எழுதும்போது, தமிழ்ப் பழக்கத்தில் அந்தச் சிறு சொல்லை விட்டுவிடாதீர்கள். தமிழில் எழுதும்போது, ஐயம் வரும் இடத்தில் ‘எந்த அதிகாரியிடம் புகார் செய்தேனோ அவர்’ என்று விரித்து எழுதுங்கள்.

உலக மொழிகள் எல்லாவற்றிலும் இதில் ஓர் ஒழுங்கு இருப்பதை எட்வர்டு கீனன், பெர்னார்டு காம்ரி என்னும் மொழியியல் அறிஞர்கள் 1977இல் எடுத்துக்காட்டினர். செய்தவரைச் சுட்டும் அடைவாக்கியமே எல்லாவற்றிலும் எளிது. அடுத்தது செயப்படுபொருள். அதன் பின்னரே மற்ற வேற்றுமைகள். ஒரு மொழியில் படியின் கீழே உள்ள ஒன்றைச் சுட்ட முடிந்தால், அதே முறையில் மேலே உள்ளவற்றையும் பெரும்பாலும் சுட்ட முடியும். மனிதரை அவர் செய்யும் செயலால் சுட்டுவது இந்தப் படிவரிசையின் உச்சியில் இருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

ஒரு காற்புள்ளி மாற்றும் கட்டளை

இப்போது ஓர் அபாயகரமான இடத்துக்கு வருவோம். அறிவிப்புப் பலகை ஒன்றில் இப்படி எழுதியிருப்பதாகக் கொள்வோம்: ‘ஆபரேட்டர்ஸ் ஹூ ஹேவ் கம்ப்ளீட்டட் தி டிரெயினிங் மே ஸ்டார்ட் தி பிரஸ்.’ பயிற்சி முடித்த ஆபரேட்டர்கள் மட்டுமே பிரஸ்ஸைத் தொடங்கலாம் என்பது இதன் பொருள். பயிற்சி முடிக்காதவர்களும் அங்கே இருக்கிறார்கள், அவர்கள் தொடக் கூடாது என்பது உட்கிடை.

‘ஆபரேட்டர்ஸ்’ என்பதற்குப் பின் ஒரு காற்புள்ளியும், ‘டிரெயினிங்’ என்பதற்குப் பின் ஒரு காற்புள்ளியும் இடுங்கள். பொருள் மாறிவிடுகிறது! ஆபரேட்டர்கள் எல்லோரும் பயிற்சி முடித்துவிட்டார்கள், எல்லோரும் பிரஸ்ஸைத் தொடங்கலாம் என்றாகிறது. காற்புள்ளி இல்லாத அடைவாக்கியம் கூட்டத்திலிருந்து சிலரைப் பிரித்தெடுக்கிறது. காற்புள்ளி உள்ளது, ஏற்கெனவே சுட்டப்பட்டவரைப் பற்றிக் கூடுதலாக ஒரு செய்தி சொல்கிறது. பேச்சில் காற்புள்ளிக்குப் பதிலாகச் சிறு நிறுத்தமும் குரல் மாற்றமும் வரும்.

‘பயிற்சி முடித்த ஆபரேட்டர்கள் பிரஸ்ஸைத் தொடங்கலாம்’ என்ற தமிழ் வாக்கியம் இவ்விரண்டில் எது? இரண்டாகவும் இருக்கலாம். பெயரெச்சம் தன் பெயரோடு ஒட்டியே நிற்பதால் இடையே காற்புள்ளிக்கு இடமில்லை. அழுத்தும் எந்திரத்தின் கீழே கை வைக்கும் வேலையில் இந்த ஐயம் விரல்களைக் காவு வாங்கக்கூடியது. எனவே தமிழில் பலகை எழுதுபவர் ‘ஆபரேட்டர்களில் பயிற்சி முடித்தவர்கள் மட்டும்’ என்று எழுத வேண்டும். ‘இல்’ உருபும் ‘மட்டும்’ என்ற சொல்லும் சேர்ந்து, ஆங்கிலத்தில் காற்புள்ளியின்மை செய்யும் வேலையைத் தெளிவாகச் செய்துவிடுகின்றன.

காயமடைந்தவர் யார்?

விபத்து அறிக்கைகளில் மற்றொரு குழி உண்டு. ‘தி ஹெல்ப்பர் ஆஃப் தி ஆபரேட்டர் ஹூ வாஸ் இஞ்சர்ட்’ என்ற தொடரில் காயமடைந்தவர் ஹெல்ப்பரா, ஆபரேட்டரா? ‘ஹூ’ என்னும் கயிறு அருகிலுள்ள ஆபரேட்டரோடும் கட்டப்படலாம். தொலைவிலுள்ள ஹெல்ப்பரோடும் கட்டப்படலாம்.

இதே போன்ற வாக்கியங்களை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வைத்து, குவேட்டோஸ், மிட்செல் என்னும் இரு ஆய்வாளர்கள் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசுவோர் அருகிலுள்ள பெயரோடு சேர்க்க முற்பட்டனர். ஸ்பானிய மொழி பேசுவோர் தொலைவிலுள்ள முதற்பெயரோடு சேர்க்கவே அதிகம் விரும்பினர். வாக்கிய அமைப்பு ஒன்றுதான். படிப்பவரின் மொழிப் பழக்கம் பொருளை மாற்றுகிறது! பல நாட்டவர் சேர்ந்து இயங்கும் ஆலையில் ஒரே அறிக்கையை இருவர் இருவிதமாகப் புரிந்துகொள்ள இதுவே போதும்.

தமிழிலும் ‘காயமடைந்த ஆபரேட்டரின் ஹெல்ப்பர்’ என்பது ஐயத்துக்கு இடமானதே. ‘ஆபரேட்டரின் ஹெல்ப்பர் காயமடைந்தார்’ என்று நேரான வாக்கியமாக எழுதிவிடுவதே நல்ல வழி. விபத்து அறிக்கையில் அடைவாக்கியத்தைக் குறைத்து முற்றுவினையைக் கூட்டுங்கள்.

தமிழுக்கு எளிது, ஆங்கிலத்துக்கு அரிது

இதுவரை தமிழின் தொல்லைகளையே அதிகம் சொன்னதாக நினைக்க வேண்டாம். இந்த வாக்கியத்தைப் படியுங்கள்: ‘பொறியாளர் அமைத்த ரோபோ முடுக்கிய போல்ட் கழன்று விழுந்தது.’ ஏதேனும் கடினம் தெரிகிறதா? இல்லை. பொறியாளர் அமைத்தார், ரோபோ முடுக்கியது, போல்ட் விழுந்தது. ரயில் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது.

இதையே அடைவாக்கியங்களாக ஆங்கிலத்தில் அடுக்கினால் ‘தி போல்ட் தட் தி ரோபோ தட் தி இன்ஜினியர் செட் டைட்டண்ட் ஃபெல் ஆஃப்’ என்று வரும். முதலில் மூன்று பெயர்கள் வரிசையாக வந்து வினைக்காகக் காத்து நிற்கின்றன. பிறகு மூன்று வினைகள் எதிர் வரிசையில் வருகின்றன. ஒரு பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. இலக்கணப்படி இது பிழையற்ற வாக்கியம். ஆனால் ஆங்கிலேயரும் இதைக் கேட்டுத் திகைப்பார். இத்தகைய உள்ளடுக்கு வாக்கியங்களைப் புரிந்துகொள்ள முடியாமைக்கு இலக்கணம் காரணமன்று, மனித நினைவாற்றலின் எல்லையே காரணம் என்று ஜார்ஜ் மில்லரும் நோம் சோம்ஸ்கியும் 1960களில் விளக்கினர்.

ஆங்கிலேயர் இதை எப்படிச் சமாளிக்கிறார்? வாக்கியத்தைத் திருப்பிப் போடுகிறார்: ‘தி இன்ஜினியர் செட் தி ரோபோ தட் டைட்டண்ட் தி போல்ட் தட் ஃபெல் ஆஃப்.’ இப்போது கொக்கி கொக்கியாக வலப்பக்கம் நீண்டு போகிறது. தமிழ் இடப்பக்கமாகக் கோத்துக்கொண்டு வருவது போல, ஆங்கிலம் வலப்பக்கமாகக் கோத்துக்கொண்டு போகிறது. இரண்டும் ஓடும் வரையில் தொல்லை இல்லை. நடுவில் செருகும்போதுதான் தொல்லை.

ஒரே சாலையில் உலக மொழிகள்

இந்தத் தொழிற்பகுதியின் ஆலைகள் எந்தெந்த நாட்டைச் சேர்ந்தவை என்று பார்த்தால், அடைவாக்கியங்களின் ஓர் உலகப் படமே கிடைக்கிறது.

இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனத்தின் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. கொரிய மொழியில் ‘வண்டி ஓட்டுகிற மனிதர்’ என்பதற்கு ‘உன்ஜொன்ஹானுன் சாராம்’ என்பார்கள். ‘உன்ஜொன்ஹானுன்’ என்பது ‘ஓட்டுகிற’. ‘சாராம்’ என்பது ‘மனிதர்’. நம் பெயரெச்சத்தைப் போலவே வினை முன்னும் பெயர் பின்னும்! ‘ஹூ’ போன்ற இணைப்புச் சொல்லும் இல்லை. ஒரகடத்தில் ரெனோ, நிசான் நிறுவனங்களின் கூட்டு ஆலை 2010இல் திறக்கப்பட்டது. நிசானின் தாய்நாடான ஜப்பானில் ‘உன்தென் சுரு ஹிதோ’ என்பார்கள். இங்கும் நம் வரிசைதான். கொரியம், ஜப்பானியம், தமிழ் மூன்றிலும் வினை வாக்கியத்தின் இறுதியில் வரும். அத்தகைய பல மொழிகளில் அடையும் பெயருக்கு முன்னே வருகிறது.

ரெனோவின் பிரெஞ்சு மொழியில் ‘கீ’ என்ற சொல் ‘ஹூ’வின் வேலையைச் செய்து, பெயருக்குப் பின்னே வருகிறது. ஒரகடத்தில் 2012இல் லாரி உற்பத்தியைத் தொடங்கிய டைம்லர் நிறுவனத்தின் ஜெர்மன் மொழியிலும் அடை பின்னேதான். ஆனால் அடைவாக்கியத்தினுள் வினை கடைசிக்குப் போய்விடும். ஆக, அது பாதி ஆங்கிலம், பாதி தமிழ் போன்றது. கைபேசி உற்பத்தியில் ஈடுபட்டுள்ள தைவான் நாட்டு நிறுவனத்தாரின் சீன மொழி இன்னும் வியப்பானது. வாக்கியத்தில் வினைக்குப் பின் செயப்படுபொருள் வரும். அதில் ஆங்கிலம் போன்றது. அடையோ பெயருக்கு முன்னே வரும். அதில் தமிழ் போன்றது. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த மொழிகள் உலகில் மிகச் சிலவே.

பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து இங்கே உழைப்போர் மூன்றாவது முறை ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இந்தியில் ‘ஜோ ஆத்மீ காடீ சலாதா ஹை, வஹ்’ என்று தொடங்குவார்கள். ‘எந்த மனிதர் வண்டி ஓட்டுகிறாரோ, அவர்’ என்பது அதன் நேர்ப்பொருள். ‘எந்த – அந்த’ என்று இரண்டு கொக்கிகள். இந்த முறை நமக்கும் அந்நியமன்று. ‘யார் முதலில் வருகிறாரோ அவருக்கு’ என்று நாமும் சொல்கிறோமல்லவா? பெயரெச்சத்தால் சொல்ல முடியாததை இந்த முறையால் சொல்லிவிடலாம். வட இந்தியத் தொழிலாளிக்குத் தமிழில் ஒன்றை விளக்க வேண்டுமானால், நீண்ட பெயரெச்சத்தைவிட இந்த ‘எந்த – அந்த’ முறை அவருக்கு விரைவில் விளங்கலாம்.

மனிதரா, எந்திரமா?

கார் ஆலைகளில் பற்றவைக்கும் வேலையைப் பெரும்பாலும் ரோபோக்கள் செய்கின்றன. ‘பற்றவைக்கும் மனிதர்’, ‘பற்றவைக்கும் ரோபோ’ என்று தமிழ்ப் பெயரெச்சம் இருவரையும் ஒரே விதமாகவே நடத்துகிறது. ஆங்கிலத்தில் மனிதருக்கு ‘ஹூ’, எந்திரத்துக்கு ‘விச்’ அல்லது ‘தட்’. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் ஆட்களைக் குறிக்கவும் ‘விச்’ வருவதைக் காணலாம். பிற்காலத்தில்தான் இந்தப் பிரிவினை உறுதிப்பட்டது.

தமிழில் திணை வேறுபாடு பெயரெச்சத்தில் தெரியாவிட்டாலும், வினையாலணையும் பெயரில் தெரிந்துவிடும். ‘பற்றவைப்பவர்’ என்றால் மனிதர். ‘பற்றவைப்பது’ என்றால் எந்திரம். செயலையும் ஆளையும் ஒரே சொல்லில் அடக்கும் இந்த வடிவம் நம் மொழியின் அருமையான கருவி. இது காலமும் காட்டும். ‘ஓட்டியவர்’ வேறு, ‘ஓட்டுகிறவர்’ வேறு, ‘ஓட்டாதவர்’ வேறு. ‘ஓட்டுநர்’ என்பதோ தொழிலைக் காட்டும் பெயர். வேலையில்லாத நாளிலும் அவர் ஓட்டுநர்தான். ஆங்கிலத்தில் ‘டிரைவர்’ என்பதற்கும் ‘தி மேன் ஹூ வாஸ் டிரைவிங்’ என்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே. விபத்து நடந்தபோது வண்டியை ஓட்டியவர் யார் என்பதே கேள்வி. ஓட்டுநர் யார் என்பது வேறு கேள்வி.

சட்டத்தின் பார்வையில்

பெயர், பதவி ஆகியவற்றைவிடச் செயலே ஆளைச் சுட்டும் என்பதைச் சட்டமும் ஏற்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஓர் ஆலையின் பொறுப்பாளர் யார் என்பதைப் பதவிப் பெயரால் வரையறுக்கவில்லை. ஆலையின் காரியங்கள் மீது இறுதிக் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறதோ அவரே பொறுப்பாளர் என்று ‘ஹூ’ சேர்ந்த ஓர் அடைவாக்கியத்தால் வரையறுத்தது. போபால் விபத்துக்குப் பின் 1987இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, கம்பெனிகளைப் பொறுத்தவரை இயக்குநர்களில் ஒருவரே அந்த ஆள் எனத் தெளிவாக்கப்பட்டது.

1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் தொழிலாளி என்பவர் யார் என்ற வரையறையும் அவ்வாறே. உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் பணி முதலியவற்றைச் செய்ய அமர்த்தப்பட்டவர் தொழிலாளி. முக்கியமாக நிர்வாகப் பணி செய்பவர் அதில் அடங்கார். ஒருவருக்கு ஆலை கொடுத்திருக்கும் பட்டம் எதுவாயினும், அவர் முதன்மையாகச் செய்யும் வேலை எது என்பதையே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அச்சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. அதிலும் வரையறுக்கும் முறை இதுவே.

இதன் பயனை எண்ணிப் பாருங்கள். ஒருவரை ‘டீம் லீடர்’ என்றோ ‘எக்ஸிகியூட்டிவ்’ என்றோ அழைக்கலாம். அவர் நாள் முழுவதும் போல்ட் முடுக்குபவராக இருந்தால், சட்டத்தின் கேள்விக்கு விடை அந்த முடுக்குதலில்தான் இருக்கிறது. வேலையிலிருந்து நீக்கப்பட்டால் முறையிடும் உரிமை உண்டா, இல்லையா என்பது அந்த ஓர் அடைவாக்கியத்தைப் பொறுத்தது. அதைப் படித்துப் பொருள் கொள்ளத் தெரிந்தவருக்கே தம் நிலை தெரியும்.

நீங்களே செய்து பார்க்க

அடுத்த முறை ஆங்கிலத்தில் இத்தகைய வாக்கியம் ஒன்றைக் காணும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். ‘ஹூ’ எந்தப் பெயரைச் சுட்டுகிறது? ‘ஹூ’வுக்கு அடுத்து வருவது வினையா, பெயரா? காற்புள்ளி உண்டா, இல்லையா? ‘டு’, ‘அபவுட்’, ‘வித்’ போன்ற சிறு சொல் ஏதேனும் உடன் வருகிறதா? இந்த நான்குக்கும் விடை கிடைத்துவிட்டால் வாக்கியத்தின் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

பயிற்சிக்காக, உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஐந்து பேரைப் பெயர் சொல்லாமல், அவர்கள் செய்யும் செயலால் மட்டும் தமிழில் சுட்டி எழுதுங்கள். பால் கொண்டுவருபவர், அதிகாலை ஷிப்டுக்குப் போகும் அக்கா, அந்த அக்கா ஏறும் பேருந்தை ஓட்டுபவர் என்று எழுதிப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ‘ஹூ’ வைத்து ஆங்கிலத்தில் திருப்புங்கள். மூன்றாவது தொடரைத் திருப்பும்போது ஒரு ‘ஹூ’ போதாது, ‘தட்’ ஒன்றும் வேண்டும் என்று காண்பீர்கள். இரண்டையும் எங்கே வைப்பது என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டால், ஆங்கில அடைவாக்கியத்தின் திசை உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.